காற்றாட விட்டால் கால் ஆறுமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



காம்பார் வட்டாரத்தில் முப்பது ஆண்டுகள் பால் வெட்டிய ஒரு பெரியவரைக் கற்பனை செய்து பாருங்கள். தோட்டம் கைமாறிவிட்டது. லயத்து வீடுகள் இருந்த இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. அவர் இப்போது டவுனுக்கு அருகில் ஒரு தாமானில் மகள் வீட்டில் இருக்கிறார். பதினைந்து ஆண்டுகளாக இனிப்பு நீர். ஒரு நாள் மாலை அவர் நடந்த வழியெல்லாம் தரையில் இரத்தக் கறை. பேரப்பிள்ளைக்குத்தான் அடிபட்டுவிட்டதோ என்று மகள் பதறினாள். கடைசியில் பார்த்தால், பெரியவரின் வலது கால் பெருவிரலுக்கு அடியில் இருபது காசு அகலத்துக்கு ஒரு புண். சிலிப்பரைத் துளைத்துக்கொண்டு ஓர் ஆணி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. எத்தனை நாளாக அந்த ஆணியின்மேல் நடந்தார்? அவருக்குத் தெரியாது. வலித்ததா? வலிக்கவே இல்லை.

செய்தி பரவியதும் ஆலோசனைகள் குவிந்தன. பக்கத்து வீட்டு அக்கா, “கட்டெல்லாம் போடாதம்மா, காத்தாட விடு, தானா காஞ்சிடும்” என்றார். கோயிலில் பார்த்த நண்பர் மஞ்சளும் காமாட் எண்ணெயும் போடச் சொன்னார். கோலாலம்பூரில் வேலை செய்யும் மகன் கைப்பேசியில் ஒரு காணொளியை அனுப்பினார். “அப்பா, இதைப் பாருங்க. பிராணவாயுவைப் புண்மேல வச்சே ஆற வைக்கிறாங்களாம். காலை எடுக்க வேண்டியதே இல்லையாம்.”

மூன்று பேரும் அன்பினால்தான் சொன்னார்கள். ஆனால், யார் பேச்சைக் கேட்பது? அந்த மகள் எடுக்கும் முடிவில்தான் அப்பாவின் கால் இருக்கிறது. இன்றைய உரை அந்த மகளுக்காகத்தான்.

எத்தனை வீடுகளில் இந்தக் கதை?

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. 2019ஆம் ஆண்டில் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அந்த அளவு 31.4 விழுக்காடு. பத்துப் பேர் கூடிய இடத்தில் மூன்று பேர். 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடாகக் குறைந்திருப்பது ஆறுதலான செய்தி. ஆனாலும் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் எத்தனை பேர் பாயசத்தைத் தள்ளிவைக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால், நம் சமுதாயத்தின் நிலை புள்ளிவிவரம் இல்லாமலேயே புரியும்.

நீரிழிவு உள்ள ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது காலில் புண் வரும் வாய்ப்பு 19 முதல் 34 விழுக்காடு வரை என்று மருத்துவ உலகம் மதிப்பிடுகிறது. கால் எடுக்கப்படும் நீரிழிவு நோயாளிகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல், அதற்கு முன்னால் ஒரு சிறு புண்தான் தொடக்கமாக இருந்திருக்கிறது. அந்தப் புண் ஆறியிருந்தால் கால் தப்பியிருக்கும். ஆகவே, ஆறாத புண்ணை ஆற வைக்க ஒரு வழி இருக்கிறது என்று யாராவது சொன்னால், காது கொடுத்துக் கேட்பது நியாயம். கேட்டுவிட்டு அதை உரசிப் பார்ப்பதும் நியாயம்.

காயத்துக்கு எதற்குப் பிராணவாயு?

மூச்சுக்குத்தான் பிராணவாயு தேவை என்று நினைக்கிறோம். காயத்துக்கும் அது தேவை. ஒரு காயம் பட்டவுடன் உடம்பு அந்த இடத்தில் ஒரு கட்டுமான வேலையைத் தொடங்குகிறது. முதலில் வெள்ளை அணுக்கள் வந்து கிருமிகளைக் கொல்கின்றன. கிருமியைக் கொல்லும் இரசாயனத்தைத் தயாரிக்க அவை பிராணவாயுவைப் பெருமளவில் செலவழிக்கின்றன. அடுத்து, புதிய சதைக்குக் கம்பிபோல் நின்று தாங்குகிற கொலாஜன் என்னும் புரதம் உருவாகிறது. பிராணவாயு போதாவிட்டால் அந்தப் புரதம் முறுக்கேறாது. பிறகு புதிய இரத்தக் குழாய்கள் முளைத்து வளர வேண்டும். அதற்கும் பிராணவாயு வேண்டும்.

நல்ல உடம்பில் இவ்வளவையும் இரத்தம் சுமந்து வந்து கொடுக்கிறது. நாள்பட்ட இனிப்பு நீர் உள்ளவர்களின் காலிலோ சிறு குழாய்களும் பெரிய குழாய்களும் பழுதாகி, இரத்த ஓட்டம் குறைந்துபோகிறது. கட்டுமான இடத்துக்குச் சிமெண்டு லோரி வராததுபோல் ஆகிவிடுகிறது. ஆட்கள் இருக்கிறார்கள், கம்பி இருக்கிறது, ஆனால் வேலை நிற்கிறது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் புண் அப்படியே கிடக்கிறது.

அப்படியானால், இரத்தத்தின் வழியாக வராத பிராணவாயுவை வெளியிலிருந்து நேராகப் புண்ணுக்கே கொடுத்தால் என்ன? இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் புறப் பிராணவாயுச் சிகிச்சை. இது வெறும் கற்பனை அல்ல. நம் தோலின் மேற்பரப்பில் 0.25 முதல் 0.40 மில்லிமீட்டர் ஆழம் வரைக்கும் தேவையான பிராணவாயு, ஏறக்குறைய முழுவதுமே வெளிக்காற்றிலிருந்துதான் கிடைக்கிறது என்று ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2002ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். தோலும் கொஞ்சம் மூச்சு விடுகிறது என்றே சொல்லலாம்.

காற்றாட விடுவது வேறு

இங்கேதான் பக்கத்து வீட்டு அக்கா குறுக்கிடுவார். “அதைத்தானே சொன்னேன், காத்தாட விடுன்னு!”

இல்லை. இரண்டும் ஒன்றல்ல. 1962ஆம் ஆண்டு லண்டனில் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றிக்குட்டிகளின் தோலில் சிறு காயங்களை உண்டாக்கிப் பார்த்தார். சில காயங்களைக் காற்றுப்பட விட்டார். சிலவற்றை மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால் மூடி ஈரம் போகாமல் வைத்தார். மூடி வைத்த காயங்களில் புதிய தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்தது. திறந்து விட்ட காயம் காய்ந்து பொருக்குக் கட்டியது. புதிய தோல் அந்தப் பொருக்குக்கு அடியில் குடைந்துகொண்டு போக வேண்டியிருந்ததால் தாமதமானது. இன்று உலகமெங்கும் மருத்துவமனைகளில் புண்ணை ஈரப்பதத்தோடு மூடிக் கட்டுவதற்கு அடிப்படை அந்த ஆய்வுதான்.

காற்று பட்டால் புண் காய்கிறது. காய்வது வேறு, ஆறுவது வேறு. மேலே பொருக்குக் கட்டி ஆறிவிட்டதுபோல் தெரிகிற புண்ணுக்குள் சீழ் கோத்துக்கொண்டிருக்கலாம். வலி தெரியாத காலில் அது இன்னும் ஆபத்து. ஈ மொய்க்கும், தூசு படியும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மருந்துக் கடையில் விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிலர் புண்ணில் ஊற்றி, நுரை பொங்குவதைக் கண்டு, “பார், பிராணவாயு வேலை செய்கிறது” என்பார்கள். அந்த நுரையில் இருப்பது பிராணவாயுதான். ஆனால், அந்தத் திரவம் கிருமியோடு சேர்த்துப் புதிதாக முளைக்கும் அணுக்களையும் காயப்படுத்துகிறது. தினமும் அதை ஊற்றுவது, முளைவிட்ட நாற்றில் வெந்நீர் ஊற்றுவதற்குச் சமம்.

எத்தனை வழிகள்?

பிராணவாயுவைக் கொண்டு புண்ணை ஆற்றும் முறைகள் பல. ஒன்றை மற்றொன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதலாவது, ஆளையே உள்ளே வைத்து மூடும் உயர் அழுத்த அறை. கடலடியில் மூழ்குபவர்களுக்கு வரும் நோயைத் தீர்க்க உருவானது. பேராக்கிலேயே லூமுட் கடற்படைத் தளத்தில் உள்ள இராணுவ மருத்துவமனையில் இந்த வசதி இருக்கிறது. சாதாரணக் காற்றழுத்தத்தைவிட இரண்டு, இரண்டரை மடங்கு அழுத்தத்தில் நோயாளி தூய பிராணவாயுவைச் சுவாசிப்பார். அது நுரையீரல் வழியாக இரத்தத்தில் கரைந்து புண்ணுக்குப் போகும். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் வீதம் முப்பது, நாற்பது நாள் வரை தேவைப்படலாம். இது புறச் சிகிச்சை அல்ல. ஆய்வுகளின் முடிவும் ஒன்றுபோல் இல்லை. சுவீடனில் 94 பேரிடம் நடந்து 2010ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வில், ஓராண்டில் 52 விழுக்காட்டினருக்குப் புண் ஆறியது. போலிச் சிகிச்சை பெற்றவர்களில் 29 விழுக்காட்டினருக்குத்தான் ஆறியது. ஆனால், 2018ஆம் ஆண்டு நெதர்லாந்தில் 120 பேரைக் கொண்டு வெளிவந்த ஆய்வில் தெளிவான பலன் தெரியவில்லை.

இரண்டாவது, காலை மட்டும் ஒரு பை அல்லது கூடு போன்ற உறைக்குள் வைத்து, ஈரப்பதமான பிராணவாயுவை மெல்லிய அழுத்தத்தில் ஏற்றி இறக்கிச் செலுத்துவது. உட்கார்ந்த இடத்தில், வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

மூன்றாவது, சட்டைப் பையில் அடங்கும் சிறு கருவி. மின்கலத்தில் இயங்கி, பிராணவாயுவைத் தானே தயாரித்து, மெல்லிய குழாய் வழியாகக் கட்டுக்கு அடியில் இரவு பகலாகச் செலுத்திக்கொண்டிருக்கும். அளவு மிகக் குறைவு, மணிக்குச் சில மில்லிலிட்டர்தான்.

நான்காவது, ஹீமோகுளோபின் தெளிப்பு. நம் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் அதே பொருளைப் புண்மேல் தெளித்தால், அது காற்றிலுள்ள பிராணவாயுவைப் பிடித்து, புண்ணின் ஈரத்தைக் கடந்து உள்ளே கொண்டுசேர்க்கிறது. சந்தையில் பெயர் பெற்ற கிரானுலோக்ஸ் தெளிப்பில் உள்ள ஹீமோகுளோபின் பன்றி இரத்தத்திலிருந்து சுத்திகரித்து எடுக்கப்படுவது. சமயக் காரணத்துக்காகவோ உணவு நெறிக்காகவோ தயங்குபவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்பதில் வெட்கமில்லை.

ஆய்வுகள் சொல்வது என்ன?

புறப் பிராணவாயுச் சிகிச்சை புதிதாக முளைத்த ஒன்றல்ல. 1969ஆம் ஆண்டிலேயே பிஷர் என்ற டாக்டர், படுக்கைப் புண்களுக்கும் தோல் புண்களுக்கும் இதைச் செய்து கண்ட பலனை ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார். நம்பிக்கை பிறந்தது. ஆனால், 1988ஆம் ஆண்டு அமெரிக்காவில் 28 நீரிழிவு நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தபோது பலன் எதுவும் தெரியவில்லை. 2017ஆம் ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வில், சிறு கருவியைப் பயன்படுத்தியவர்களுக்கும் வெறும் ஈரக் கட்டுப் போட்டவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நீரிழிவுப் பாதப் புண்ணுக்கான அனைத்துலகப் பணிக்குழு 2019ஆம் ஆண்டின் வழிகாட்டியில், இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே கூறியது.

அதற்குப் பிறகுதான் காற்று திசை மாறியது. 2020ஆம் ஆண்டு டாக்டர் ராபர்ட் பிரைக்பெர்க் குழுவினரின் ஆய்வு வெளிவந்தது. பல நாடுகளைச் சேர்ந்த 73 நோயாளிகள். அனைவருக்கும் புண்ணைச் சுத்தம் செய்வது, பாதத்தின் பாரத்தைக் குறைப்பது முதலிய முறையான சிகிச்சை கிடைத்தது. அதற்கு மேல் 36 பேருக்கு உண்மையான பிராணவாயுக் கருவி. மற்ற 37 பேருக்கு, பார்ப்பதற்கு அதேபோல் இருந்தும் பிராணவாயு தராத போலிக் கருவி. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, சிகிச்சை செய்த டாக்டருக்கும் தெரியாது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 90 நிமிடம், வீட்டிலேயே சிகிச்சை. 12 வாரம் கழித்து, உண்மைக் கருவி பெற்ற 36 பேரில் 15 பேருக்குப் புண் முழுவதும் ஆறியிருந்தது. போலிக் கருவி பெற்ற 37 பேரில் 5 பேருக்குத்தான் ஆறியது. ஓராண்டு முடிவில் இந்த அளவுகள் முறையே 56 விழுக்காடும் 27 விழுக்காடும் ஆயின.

2021ஆம் ஆண்டில் சிறு கருவியைக் கொண்டு 145 பேரிடம் நடந்த ஆய்வு வெளிவந்தது. 12 வாரத்தில் பிராணவாயு பெற்றவர்களில் 44.4 விழுக்காட்டினருக்கும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 28.1 விழுக்காட்டினருக்கும் புண் ஆறியது. இவற்றையெல்லாம் பார்த்த அந்த அனைத்துலகப் பணிக்குழு 2023ஆம் ஆண்டில் தன் கருத்தை மாற்றிக்கொண்டது. வழக்கமான நல்ல சிகிச்சை மட்டும் பலன் தராதபோது, வசதியும் இருந்தால், அதனுடன் கூடுதலாகப் புறப் பிராணவாயுச் சிகிச்சையைக் கருதலாம் என்றது.

மகன் அனுப்பிய காணொளி பொய் அல்ல. ஆனால், அது பாதி உண்மை. மீதிப் பாதியையும் பார்க்க வேண்டும். பிராணவாயு பெற்ற அந்த 36 பேரில் 21 பேருக்கு 12 வாரத்தில் புண் முழுவதும் ஆறவில்லை. காலுக்கு இரத்த ஓட்டம் மிகவும் குறைந்துபோனவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவே இல்லை. ஆய்வுக்கு ஆதரவு கொடுத்தது கருவியைத் தயாரிக்கும் நிறுவனம். இதனால் ஆய்வு தவறு என்று ஆகாது. கவனமாகப் படிக்க வேண்டும் என்றுதான் பொருள். பணிக்குழு சொன்னது “கூடுதலாக” என்றுதான். “பதிலாக” என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லில்தான் பலருடைய கால் இருக்கிறது.

வேலூர் கற்றுத் தந்த பாடம்

“கூடுதலாக” என்றால், எதற்குக் கூடுதலாக? அதை விளங்கிக்கொள்ளத் தமிழ்நாட்டுக்குப் போக வேண்டும்.

கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். ஆங்கிலேயப் பெற்றோரின் பிள்ளை. 1946ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளிகளின் கைகால்களை ஆராயத் தொடங்கினார். அந்த நோய் சதையை அழுக வைக்கிறது, அதனால்தான் விரல்கள் விழுகின்றன என்று உலகமே நம்பிய காலம் அது. பால் பிராண்ட் கண்டது வேறு. நோய் நரம்பைக் கெடுத்து வலியைப் பறித்துவிடுகிறது. வலி இல்லாததால் நோயாளி புண்ணின்மேலேயே நடக்கிறார், சூட்டைத் தொடுகிறார், ஆணியை மிதிக்கிறார். சதை கெட்டது நோயினால் மட்டுமல்ல, உணராமல் பட்ட அடியினால். அந்தப் பாரத்தைப் புண்ணிலிருந்து எடுத்துவிட்டால், தொழுநோயாளியின் புண்ணும் மற்றவர் புண்போலவே ஆறியது.

அதற்காகப் பாதத்தோடு ஒட்டிப் பொருந்தும் மாவுக்கட்டுப் போட்டார்கள். மைக்ரோசெல்லுலர் ரப்பர் என்னும் மெத்தென்ற ரப்பரில் செருப்புகள் செய்து கொடுத்தார்கள். பின்னர் அமெரிக்காவுக்குச் சென்ற பால் பிராண்ட், அதே பாடத்தை நீரிழிவு நோயாளிகளின் பாதத்துக்கும் கொண்டுபோனார். 2003ஆம் ஆண்டு அவர் காலமானார். எம்.சி.ஆர். செருப்பு என்ற பெயரில் இன்றும் தமிழ்நாட்டில் நீரிழிவு நோயாளிகள் அதை அணிகிறார்கள். வாழ்நாள் முழுவதும் ரப்பர் மரத்தடியில் நடந்து தேய்ந்த பாதத்தைக் காப்பாற்றுவதும் ஒரு துண்டு ரப்பர்தான்!

காம்பார் பெரியவரின் புண்ணுக்கும் இதுவே முதல் மருந்து. ஒவ்வோர் அடிக்கும் அவருடைய உடற்பாரம் முழுவதும் அந்த இருபது காசு அகலத்தின்மேல் இறங்குகிறது. காலையில் பிராணவாயு வைத்துவிட்டு, மத்தியானம் அதே காலில் கடைக்கு நடந்து போனால், ஒரு கையால் கட்டி மறு கையால் இடிக்கிற கதைதான்.

எது முதலில்?

புண் பராமரிப்பு நம் நாட்டிலேயே ஒரு தனித் துறையாக வளர்ந்திருக்கிறது. கோலாலம்பூர் மருத்துவமனையில் புண் பராமரிப்புப் பிரிவுக்குத் தலைமையேற்று அந்தத் துறையை வளர்த்தவர்களில் ஒருவர் டாக்டர் ஹரிகிருஷ்ண நாயர். நீரிழிவுப் பாதத்துக்கென்று மலேசியாவுக்கே உரிய சிகிச்சை வழிகாட்டியும் இருக்கிறது. நல்ல சிகிச்சையின் வரிசை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில், புண்ணைக் காட்ட வேண்டும். நாளை அல்ல, இன்று. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு நீண்ட காலமாகவே ஒரு வெள்ளிதான் கட்டணம். அங்கே கட்டுப் போடும் மிஸ்ஸி ஒரு நாளில் பார்க்கும் புண்களை நாம் ஓர் ஆயுளில் பார்த்திருக்க மாட்டோம். அந்தக் காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் ஐயா காலையிலேயே வரிசையாக உட்கார வைத்துக் கட்டு மாற்றினாரே, அந்த ஒழுங்கு இன்றும் தேவை.

இரண்டாவது, காலுக்கு இரத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பாதத்தில் நாடி பிடித்தும், காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டும் இதைக் கண்டுபிடிக்கலாம். பெரிய குழாயே அடைத்திருந்தால் அதைத் திறப்பதுதான் வழி. மேலே எவ்வளவு பிராணவாயு ஊதினாலும் அது சில மில்லிமீட்டர் ஆழத்தைத் தாண்டி அடைப்பை நீக்கப் போவதில்லை.

மூன்றாவது, கிருமித் தொற்று. சீழ், துர்நாற்றம், வீக்கம், சிவப்பு, காய்ச்சல் இருந்தால் அது அவசர நிலை. எலும்பு வரைக்கும் புண் போயிருந்தால் தனிச் சிகிச்சை வேண்டும். விரல் கறுத்துப்போனால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

நான்காவது, செத்த சதையை முறையாக வெட்டிச் சுத்தம் செய்து, ஈரப்பதம் காக்கும் கட்டுப் போடுவது.

ஐந்தாவது, பாரத்தை எடுப்பது. மாவுக்கட்டோ தனிக் காலணியோ டாக்டர் சொன்னபடி.

ஆறாவது, இனிப்பு நீரைக் கட்டுக்குள் வைப்பது. புகைபிடிப்பவர் அதை நிறுத்துவது. ஒவ்வொரு சிகரெட்டும் குழாயைச் சுருக்கி, புண்ணுக்குப் போகும் பிராணவாயுவைக் குறைக்கிறது. காசு செலவில்லாத பிராணவாயுச் சிகிச்சை என்றால் அது சிகரெட்டைத் தூக்கி எறிவதுதான்.

இவ்வளவும் சரியாக நடந்தும், நான்கு வாரத்தில் புண் பாதி அளவுக்காவது சுருங்கவில்லை என்றால், அது பிடிவாதமான புண் என்று டாக்டர்கள் கருதுவார்கள். புறப் பிராணவாயுச் சிகிச்சையைப் பற்றிக் கேட்க வேண்டிய நேரம் அதுதான்.

கேட்க வேண்டிய கேள்விகள்

டாக்டரிடமோ கருவி விற்பவரிடமோ நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். இந்தப் புண்ணுக்கு இரத்த ஓட்டம் போதுமா? இது எந்த வகைக் கருவி, அதே வகையை வைத்து என்ன ஆய்வு நடந்திருக்கிறது? பன்னிரண்டு வாரத்துக்கும் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? எத்தனை வாரத்தில் பலன் தெரியாவிட்டால் நிறுத்துவோம்? நேர்மையான சிகிச்சையாளர் நான்குக்கும் பதில் சொல்வார். “எந்தப் புண்ணும் நிச்சயம் ஆறும்” என்று ஒருவர் சத்தியம் செய்தால், பணப்பையை மூடிக்கொண்டு எழுந்து வாருங்கள்.

இன்னோர் எச்சரிக்கை. மூச்சுத் திணறலுக்காக வீட்டில் வைத்திருக்கும் பிராணவாயு உருளையையோ இயந்திரத்தையோ எடுத்து, காலில் பிளாஸ்டிக் பையைக் கட்டி ஊதும் விபரீதம் வேண்டாம். உலர்ந்த வாயு புண்ணை வறட்டும். இறுக்கிக் கட்டிய பை இருக்கிற இரத்த ஓட்டத்தையும் நிறுத்தும். அதோடு, பிராணவாயு உள்ள இடத்தில் சிறு பொறியும் பெருந்தீயாகும். சாமி விளக்கும், ஊதுபத்தியும், அடுப்பும் இருக்கிற வீட்டில் இது விளையாட்டல்ல.

நம் பழக்க வழக்கங்களையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்கு வெறுங்காலில் நடப்பவர்கள், தீமிதித் திருவிழாவில் இறங்குபவர்கள், உச்சி வெயிலில் கொதிக்கும் தார்ச் சாலையில் பால்குடம் எடுப்பவர்கள் நம்மிடையே ஏராளம். பக்தியை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால், பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போனவருக்குச் சூடு தெரியாது, கொப்புளம் தெரியாது. கிளினிக்கில் ஒரு மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் தொட்டே உணர்ச்சி இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். வேண்டுதல் வைக்கும் முன் அந்தச் சோதனையைச் செய்துகொள்ளலாம். மரத்துப்போன கால் என்று தெரிந்தால், நேர்த்திக்கடனை வேறு விதமாகச் செலுத்த முருகன் இடம் கொடுக்காமலா போவார்?

அன்பர்களே, மீண்டும் அந்தக் காம்பார் வீட்டுக்குப் போவோம். மகள் என்ன செய்ய வேண்டும்? பக்கத்து வீட்டு அக்காவுக்கு நன்றி சொல்லிவிட்டு, புண்ணைச் சுத்தமான துணியால் மூட வேண்டும். நண்பரின் எண்ணெய்ப் புட்டியை அலமாரியில் வைத்துவிட வேண்டும். அப்பாவை நடக்க விடாமல் காடியில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தால், ஒரு தவணையையும் தவறவிடாமல் போக வேண்டும். தம்பி அனுப்பிய காணொளியை அழித்துவிட வேண்டாம். நான்கு வாரம் கழித்தும் புண் சுருங்கவில்லை என்றால், அதைப் பற்றி டாக்டரிடம் கேட்கலாம். அப்போது அது நல்ல கேள்வி. இன்றே அதை மட்டும் நம்பி உட்கார்ந்தால், நான்கு வாரத்தை இழந்த கேள்வி.

அப்புறம், ஒவ்வோர் இரவும் தூங்கப் போகும் முன் அப்பாவின் இரண்டு பாதங்களையும் விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். விரல் இடுக்கு, குதிகால், உள்ளங்கால் எல்லாம். காலையில் சிலிப்பரைத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்த பிறகே அவரைப் போட விட வேண்டும். அவருடைய பாதம் சொல்லாததை அந்த மகளின் கண்ணும் கையும் சொல்ல வேண்டும். விடியுமுன் இருட்டில், நெற்றி விளக்கோடு, நூற்றுக்கணக்கான மரங்களுக்கு நடந்து நடந்து பிள்ளைகளைப் படிக்க வைத்த கால்கள் அவை. தினமும் ஐந்து நிமிடம் அவற்றைப் பார்ப்பதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

இன்றிரவு உங்கள் வீட்டுப் பெரியவரின் பாதத்தைப் பாருங்கள்.